பவுச் கலம் ஊதுகிறது: வாயு 811 தூளின் மேற்பரப்பில் இருந்தா, மின்பகுபொருளில் இருந்தா?

#1 · வெள்ளவத்தை_811

1 ஆம்பியர்மணி பவுச் கலங்கள் (அலுமினியப் பையில் ஒட்டிய தட்டை லிதியம் அயன் கலங்கள்). கதோட்டு என்.எம்.சி 811 (நிக்கல், மங்கனீசு, கோபால்ற்று 8:1:1 உள்ள லிதியம் ஒட்சைட்டுத் தூள்), அனோட்டு கிரபைற்று. மின்பகுபொருள்: எதிலீன் காபனேற்றும் எதைல் மெதைல் காபனேற்றும் 3:7, அதில் 1 மோலர் லிதியம் எக்சாபுளோரோபொசுபேற்று, கூடவே சேர்மானமாக 2% வினைலீன் காபனேற்று. பிணைப்பி பி.வி.டி.எஃப், கரைப்பான் என்.எம்.பி. முதல் மின்னேற்றம் சி/20 வேகத்தில் (20 மணித்தியாலத்தில் நிரம்பும் வேகம்) 4.2 வோல்ற்று வரை.

முதல் மின்னேற்றம் முடியும்போதே பை தலையணை மாதிரி நிற்கிறது. வாயுவை எடுத்து, திரும்ப ஒட்டி, முழு மின்னேற்றத்தோடு 60 பாகையில் ஒரு கிழமை வைத்தால் மறுபடியும் ஊதுகிறது. மின்பகுபொருளின் நீர் கார்ல் பிஷர் முறையில் 15 பிபிஎம். மின்வாய்கள் 120 பாகை வெற்றிட அடுப்பில் 12 மணித்தியாலம் காய்ந்தவை. கலத்தை ஒட்டுவது ஆகன் கையுறைப்பெட்டியில். ஆனால் தூள் நிறுப்பது, கூழ் கலக்குவது, பூசுவது எல்லாம் சாதாரண ஏசி அறையில்: 24 பாகை, சாரீரப்பதன் 55%.

மின்பகுபொருளை மாற்றுவதா, சேர்மானத்தைக் கூட்டுவதா, மின்னழுத்தத்தைக் குறைப்பதா? எதில் தொடங்கலாம்?

#2 · தெமட்டகொட_அனோட்டு

முதல் மின்னேற்றத்தில் மின்பகுபொருள் உடைந்து கிரபைற்றின் மேல் படலம் கட்டும்போது எதிலீன் வாயு வருவது வழமைதானே. நம்ம போகலச் சுரங்கத்து நாளக் கிரபைற்றோ வெளியில் இருந்து வந்த செயற்கைக் கிரபைற்றோ, எதைப் போட்டாலும் வரும். வினைலீன் காபனேற்றை 3% ஆக்கிப் பாருங்கள்.

#3 · மேலுதைப்பு

தம்பி, ஒன்றையும் இப்ப மாற்ற வேண்டாம். வாயு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால், குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று தெரியாது. ஒரே கலத்தின் கனவளவை நாலு தடவை அளவுங்கோ: மின்பகுபொருள் ஊற்றி ஒட்டிய உடனே, மின்னேற்றாமல் 24 மணித்தியாலம் ஊறிய பிறகு, மின்னேற்றத்தை 3.6 வோல்ற்றில் நிறுத்தி; பிறகு 4.2இல். 60 பாகைச் சேமிப்பு அதற்குப் பிறகு.

காரணம் இதுதான். ஊறும்போது வருகிற வாயுவுக்கு மின்னோட்டம் காரணமாக இருக்க முடியாது. அமிலமும் காரமும் சந்தித்த வேலை அது. 3.6க்குள் வருவது பெரும்பாலும் அனோட்டின் வாயு: எதிலீன் காபனேற்று தாழ்த்தப்பட்டு எதிலீன், நீர் தாழ்த்தப்பட்டு ஐதரசன். அந்த இடத்தில் கதோட்டு இன்னும் அமைதியாகத்தான் இருக்கும். 3.6இல் இருந்து 4.2 வரை வருவதில்தான் கதோட்டின் மேற்பரப்பு பேசும்.

அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஆக்கிமிடிசின் தத்துவமே போதும். ஒரு மில்லிகிராம் வரை காட்டுகிற, அடியில் கொக்கி உள்ள தராசு. அதை ஒரு மேசை ஓட்டைக்கு மேல் வைத்து, கீழே நீர் நிரம்பிய முகவை. கலத்தை மெல்லிய நைலோன் நூலில் தொங்க விட்டு பைப் பகுதியை முழுதாக அமிழ்த்துங்கோ. ஊதிய கலம் மிதக்கக் கூடும், ஆகவே ஒரு ஈயக் குண்டைக் கூடவே கட்டுங்கோ. எல்லா அளவீட்டுக்கும் அதே குண்டு. நீருக்குள் தோற்ற நிறை 1 கிராம் குறைந்தால் கலம் 1 மில்லிலீற்றர் பெருத்திருக்கிறது. கலத்தின் உண்மையான திணிவு மாறாததால் கணக்கு அவ்வளவுதான்.

இதில் பிழைக்கிற இடங்கள்:

தாவல்கள் (பைக்கு வெளியே நீட்டி நிற்கும் உலோக இணைப்புத் துண்டுகள்) இரண்டும் நீருக்கு மேலே நிற்க வேண்டும், அல்லது கப்டன் ஒட்டுநாடாவால் முழுதாக மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 4 வோல்ற்றில் தாவல்களிலேயே நீர் மின்பகுப்படைந்து குமிழி கட்டும். அந்தக் குமிழிகளை கலத்தின் வாயு என்று எண்ணிவிடுவீர்கள்.

பையின் அலுமினியத் தோலில், குறிப்பாக ஒட்டிய ஓரத்தின் மடிப்பில், சின்னக் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஓவியத் தூரிகையால் ஓரத்தை ஒருமுறை வருடி விடுங்கோ. வருடும் முன்னும் பின்னும் வாசிப்பு எவ்வளவு மாறுகிறது என்று ஒருமுறை பார்த்தால், பிறகு அந்தத் தூரிகையை மறக்க மாட்டீர்கள்.

வெப்பநிலை. நீரின் அடர்த்தி 25 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் 0.997இல் இருந்து 0.996க்குத்தான் இறங்குகிறது, 20 மில்லிலீற்றர்க் கலத்தில் அதனால் வரும் பிழை 0.03 மில்லிலீற்றர் அளவு. ஆனால் உள்ளே 10 மில்லிலீற்றர் வாயு இருந்தால் அதே 5 பாகைக்கு அது 0.17 மில்லிலீற்றர் விரியும். ஆகவே தொட்டி நீரை நேரே குழாயில் பிடிக்காமல் அறையில் இரவு முழுதும் வைத்த நீரைப் பாவியுங்கோ, அடுப்பில் இருந்து எடுத்த கலத்தை இரண்டு மணித்தியாலமாவது ஆற விடுங்கோ. காபனீரொட்சைட்டு சூட்டில் மின்பகுபொருளை விட்டு வெளியே வந்து, ஆறும்போது திரும்பக் கரையும். அந்த நேரம் கொடுக்காத அளவீடுகளை ஒப்பிட முடியாது.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டானின் குழு 2014இல் இதே தத்துவத்தை மின்னேற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கிற கருவியாகச் செய்து காட்டியது. உங்களுக்கு இப்போதைக்கு நாலு புள்ளி போதும்.

#4 · வெள்ளவத்தை_811

நன்றி அண்ணை. மூன்று கலங்களின் சராசரி, மில்லிலீற்றரில்:

ஊறிய 24 மணித்தியாலத்தில் 0.4. அதிலிருந்து 3.6 வோல்ற்று வரை 0.7. 3.6இல் இருந்து 4.2 வரை 4.1. வாயுவை எடுத்த பின் 60 பாகையில் ஒரு கிழமைக்கு 3.8.

#5 · தெமட்டகொட_அனோட்டு

0.7தான் அனோட்டின் பங்கு என்றால் நான் சொன்னது பொருந்தாது. வினைலீன் காபனேற்றை அப்படியே விடுங்கள்.

#6 · அளவி

ஊறும்போதே 0.4 வந்திருப்பதைக் கவனியுங்கள். மின்னோட்டமே இல்லாமல் வந்த வாயு அது. தூளின் மேற்பரப்பில் லிதியம் காபனேற்று இருக்கிறது என்று சொல்லும் முதல் அடையாளம். மின்பகுபொருளில் உள்ள உப்பு, அதாவது லிதியம் எக்சாபுளோரோபொசுபேற்று, நீரோடு சேர்ந்தால் பொசுபரசு ஐம்புளோரைட்டின் வழியாக ஐதரசன் புளோரைட்டு பிறக்கிறது. அது லிதியம் காபனேற்றைத் தாக்கினால் லிதியம் புளோரைட்டு, காபனீரொட்சைட்டு, நீர் மூன்றும் வரும். வருகிற நீர் மறுபடி உப்பைத் தாக்கும். மின்பகுபொருளில் 15 பிபிஎம் என்று நிம்மதி அடையக் கூடாததற்கு இதுவே காரணம்: உள்ளே நுழைந்த நீர் ஒருமுறை வேலை செய்துவிட்டு ஓய்வதில்லை, காபனேற்று இருக்கும்வரை திரும்பத் திரும்பப் பிறக்கிறது.

இனி தூளையே நியமியுங்கள், அதாவது அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதில் உள்ள காரத்தை அளவிடுங்கள். உயர்தர வகுப்பில் செய்த அதே இரட்டை முடிவுப்புள்ளி நியமிப்புத்தான், வேறொன்றுமில்லை.

5.00 கிராம் தூள். கொதிக்க வைத்து மூடி ஆற விட்ட அயனகற்றிய நீர் 50 மில்லிலீற்றர். கொதிக்க வைக்காவிட்டால் நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டும் உங்கள் விடைக்குள் வரும். மூடிய குடுவையில் 5 நிமிடம் கலக்கி, 0.45 மைக்ரோமீற்றர் வடிதாளில் உறிஞ்சி வடித்து, உடனே நியமிக்கவும். அளவியில் 0.1 மோலர் ஐதரோகுளோரிக்கமிலம். பி.எச் மானி இருந்தால் 8.3இலும் 4.5இலும் முடிவுப்புள்ளி, இல்லாவிட்டால் முதலில் பினோத்தலீன், பிறகு மெதைல் செம்மஞ்சள்.

முதல் முடிவு வரை சென்ற கனவளவு ஐதரொட்சைட்டு முழுவதையும் காபனேற்றின் பாதியையும் நடுநிலையாக்குகிறது. முதல் முடிவில் இருந்து இரண்டாவது வரை சென்றது காபனேற்றின் மற்றப் பாதி. உதாரணம்: முழு வடிதிரவத்துக்கும் 9.6, 13.0 என்று வந்தால், வித்தியாசம் 3.4 மில்லிலீற்றர், அதாவது 0.34 மில்லிமோல் காபனேற்று. 73.89ஆல் பெருக்க 25 மில்லிகிராம். 5 கிராமில் 0.50%. ஐதரொட்சைட்டுக்கு 9.6இல் இருந்து 3.4ஐக் கழிக்க 6.2, 0.62 மில்லிமோலை 23.95ஆல் பெருக்க 15 மில்லிகிராம், 0.30%. வடிதிரவத்தில் பாதியை மட்டும் எடுத்திருந்தால் இரண்டால் பெருக்க மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 811 நீரைத் தொட்டதும் சாலகத்தில் (பளிங்கின் உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய அமைப்பில்) இருக்கும் லிதியம் அயன் வெளியேறி, அந்த இடத்தில் ஐதரசன் அயன் போய் இருக்கும். ஆகவே அதிக நேரம் கலக்கினால் ஐதரொட்சைட்டு ஏறிக்கொண்டே போகும். அது தூளின் மேல் இருந்ததில்லை, நீங்கள் உருவாக்கியது. காபனேற்று எண் அந்த அளவுக்கு அசையாது. 2, 5, 15 நிமிடம் என்று மூன்று தடவை செய்து பாருங்கள். ஐதரொட்சைட்டு மட்டும் ஏறினால் பூச்சிய நிமிடத்துக்குப் பின்னோக்கி நீட்டிய எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

திறந்து வைத்த பையையும் திறக்காத பையையும் பக்கத்தில் பக்கத்தில் செய்யுங்கள்.

#7 · வெள்ளவத்தை_811

செய்தேன் அக்கா. ஒரே தொகுதித் தூள்.

திறக்காத பை: காபனேற்று 0.21%, ஐதரொட்சைட்டு 0.32%.
இரண்டு மாதமாகத் திறந்து மூடிப் பாவித்த பை: காபனேற்று 0.86%, ஐதரொட்சைட்டு 0.15%.

ஐதரொட்சைட்டு காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் காபனேற்றாக மாறியிருக்கிறது என்று எடுக்கலாமா?

#8 · அளவி

பாதி மட்டும் சரி. மற்றப் பாதிதான் முக்கியம், கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் தூளுக்கு:

காபனேற்று 6.5 மில்லிகிராம் ஏறியிருக்கிறது. அது 0.088 மில்லிமோல், ஒவ்வொன்றிலும் இரண்டு லிதியம், ஆகவே 0.176 மில்லிமோல் லிதியம் தேவைப்பட்டது. ஐதரொட்சைட்டு 1.7 மில்லிகிராம் இறங்கியிருக்கிறது. அதிலிருந்து கிடைத்த லிதியம் 0.071 மில்லிமோல் மட்டுமே. மீதி 0.105 மில்லிமோல் எங்கிருந்து வந்தது? சாலகத்தில் இருந்து. ஒரு கிராம் 811இல் இருக்கும் லிதியம் ஏறக்குறைய 10.3 மில்லிமோல். அதில் நூற்றில் ஒரு பங்கை ஈரக்காற்று பிடுங்கிக் காபனேற்றாக்கி வெளியே வைத்துவிட்டது.

இந்த 1% முழுத் துணிக்கையிலும் பரவிக் குறையவில்லை, மேற்பரப்பில் குறைந்திருக்கிறது. லிதியம் போன இடத்தில் நிக்கல் மூன்றில் இருந்து இரண்டுக்கு இறங்கி, அடுக்கமைப்பு குலைந்து, நிக்கல் ஒட்சைட்டை ஒத்த பாறையுப்பு அமைப்பு வருகிறது. ஆகவே தூளின் மேல் இருப்பது வெறும் அழுக்கில்லை. மேலே காபனேற்று, அதற்குக் கீழே நோய்ப்பட்ட தோல்.

இன்னும் ஒன்று: காற்றில் நெடுநாள் இருந்த 811இல் நிக்கலின் கார காபனேற்றும் உண்டாகும். அது நீரில் கரையாது. நியமிப்பில் அகப்படாது. உங்கள் 0.86 ஒரு கீழ் எல்லை.

#9 · மேலுதைப்பு

அளவி சொன்னதை வாயுவாக மாற்றிப் பார்ப்பம். 0.86% என்றால் கிராமுக்கு 0.116 மில்லிமோல் காபனீரொட்சைட்டு, 25 பாகையில் 2.85 மில்லிலீற்றர். 1 ஆம்பியர்மணிக்கு, கிராமுக்கு 190 மில்லியாம்பியர்மணி என்று எடுத்தால், 5.3 கிராம் கதோட்டுத் தூள். முழுதும் உடைந்தால் ஒரு கலத்துக்கு 15 மில்லிலீற்றர். உங்கட 4.1உம் 3.8உம் அதற்குள் தாராளமாக அடங்குது. புதுப் பைக்கு அதே கணக்கில் 3.7 மில்லிலீற்றர்தான் மேல் எல்லை.

இது எல்லை மட்டும்தான், எதிர்வுகூறல் இல்லை. காபனேற்று முழுதும் ஒரே மின்னேற்றத்தில் உடையாது. உடைந்து வந்த காபனீரொட்சைட்டில் ஒரு பகுதி அனோட்டுக்குப் போய்த் தாழ்த்தப்பட்டு மறைந்தும் விடும்.

அந்தக் காபனேற்று மின்னால் உடையும்போது ஒரு காபனீரொட்சைட்டுக்கு இரண்டு இலத்திரன் போகுது. 0.116 மில்லிமோலுக்குக் கிராமுக்கு 6.2 மில்லியாம்பியர்மணி. முதல் மின்னேற்றத்தில் கொள்ளளவு கூடினது போலத் தெரியும், மின்னிறக்கத்தில் திரும்பி வராது. முதல் சுற்றுத் திறன் குறைந்ததற்கு அனோட்டின் படலத்தைக் குறை சொல்ல முன்னம் இதைக் கழியுங்கோ.

#10 · கொட்டாஞ்சேனை_பூச்சு

இவ்வளவு கணக்குத் தேவையா? அலுமினா பூசிய 811 சந்தையில் கிடைக்கிறது. அல்லது இருக்கிற தூளுக்கே நனோ அலுமினா 0.5% உலர்கலவையாகப் போட்டுச் சுட்டால் மேற்பரப்பு மூடிவிடும். பிறகு 811 ஒட்சிசன் விடுவதுதான் பிரச்சினை என்றால் வாயுவைப் பகுப்பாய்வு செய்தால் ஒட்சிசன் தெரியுமே. தெரியாவிட்டால் சாலகம் நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

#11 · சாலகம்_வாசி

உங்கள் இரண்டாவது கருத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் வழுக்குகிற இடம் அது. கலத்தின் வாயுவில் ஒட்சிசன் தெரியவில்லை என்பதால் சாலகம் ஒட்சிசன் விடவில்லை என்று சொல்ல முடியாது. வெளியே வரும் ஒட்சிசனின் ஒரு பகுதி கிளர்ந்த நிலையில், ஒற்றை ஒட்சிசனாக வருகிறது. அது எதிலீன் காபனேற்றை உடனே தாக்குகிறது. மற்றதும் மின்பகுபொருளில் செலவாகிறது, அனோட்டில் தாழ்த்தப்படுகிறது. உங்கள் கைக்கு வருவது காபனீரொட்சைட்டும் காபனோரொட்சைட்டும்தான். மின்னேற்றத்தோடு இணைத்த திணிவு நிறமாலைமானியில் திணிவு எண் 32 (ஒட்சிசன்) ஒரு சின்ன மேடாகத்தான் தெரியும். 44 (காபனீரொட்சைட்டு) பெரிதாக எழும். 28ஐ மட்டும் வைத்துக் காபனோரொட்சைட்டு என்று முடிவெடுக்கவும் கூடாது, எதிலீனும் அதே இடத்தில் விழும். 26ஐப் பார்த்து எதிலீனைக் கழிக்க வேண்டும்.

அப்படியானால் 44இல் வருகிற காபனீரொட்சைட்டு மேற்பரப்புக் காபனேற்றில் இருந்தா, மின்பகுபொருளை ஒட்சிசன் எரித்ததில் இருந்தா? 2017இல் பேர்க்லியில் மக்கிளோஸ்கியின் குழு இதை ஒட்சிசன் 18 அடையாளமிட்டுப் பிரித்தது. சாலகத்தின் ஒட்சிசனும் காபனேற்றின் ஒட்சிசனும் வேறு வேறு அடையாளம் பெற்றால், வாயுவில் எந்த அடையாளம் வருகிறது என்று பார்த்தால் போதும். முதல் சுற்றில் வந்த காபனீரொட்சைட்டின் பெரும் பங்கு எஞ்சிய லிதியம் காபனேற்றில் இருந்து வந்தது. அதே ஆண்டு மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் கஸ்டைகரின் குழு சாலகத்தின் பக்கத்தைக் காட்டியது: லிதியத்துக்கு எதிராக 811 ஏறக்குறைய 4.3 வோல்ற்றிலும், நிக்கல் குறைந்த வகைகளான 622உம் 111உம் 4.7ஐ ஒட்டியும் ஒட்சிசனை விடத் தொடங்குகின்றன. மின்னழுத்தங்கள் வேறு வேறு என்றாலும், மூன்றிலும் லிதியத்தில் ஐந்தில் நாலு பங்கு வெளியேறிய இடம் அது.

இதை உங்கள் கலத்துக்குப் பொருத்துங்கள். முழு மின்னேற்றத்தில் கிரபைற்று லிதியத்தை விட 0.1 வோல்ற்று மேலே நிற்கிறது. கலம் 4.2 என்றால் கதோட்டு 4.3. விளிம்பிலேயே நிற்கிறீர்கள். ஆகவே 60 பாகையில் வந்த 3.8ஐ ஒரே மூலத்தில் கட்ட முடியாது. பிரிக்க எளிய வழி: இன்னொரு தொகுதியை 4.1இல் நிறுத்திச் சேமியுங்கள். வாயு கடுமையாக இறங்கினால் சாலக ஒட்சிசனின் பங்கு பெரிது. கொஞ்சம்தான் இறங்கினால் காபனேற்றும் ஐதரொட்சைட்டும். ஐதரொட்சைட்டையும் இங்கே மறக்கக் கூடாது: ஐதரொட்சைட்டு அயன் எதிலீன் காபனேற்றின் வளையத்தைத் திறந்து காபனீரொட்சைட்டைத் தரும், மின்னழுத்தம் எதுவும் இல்லாமலே.

இனி அலுமினா. எதன் மேல் பூசுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. 0.86% காபனேற்றின் மேல் பூசினால் காபனேற்று அடியிலேயே இருக்கும். லிதியம் காபனேற்று உருகுவதே 723 பாகையில். நனோ அலுமினா தொடர்ச்சியான போர்வையாக விழுவதும் இல்லை, தீவு தீவாகத்தான் விழும். பூச்சு நல்லது. ஐதரசன் புளோரைட்டைத் தான் ஏற்று, மேற்பரப்பின் வினைத்திறனைத் தணிக்கும். ஆனால் சுத்தமான தோலின் மேல். பொசுபேற்றோ போரேற்றோ போன்ற பூச்சுகளுக்கு ஒரு மேலதிக நன்மை: எஞ்சிய லிதியத்தையே எடுத்து லிதியம் பொசுபேற்றாக, லிதியம் போரேற்றாகக் கட்டிக்கொள்ளும்.

#12 · கொட்டாஞ்சேனை_பூச்சு

ஒட்சிசன் விடயத்தில் திருத்தத்தை ஏற்கிறேன். அப்படியானால் கழுவிவிட்டுப் பூசலாமா? நீர்க் கழுவல் பெரிய தொழிற்சாலைகளில் வழமைதானே.

#13 · சாலகம்_வாசி

வழமைதான். செய்முறையை விட அதற்குப் பின் வருகிற உலர்த்தலில்தான் வெற்றியும் தோல்வியும். 100 கிராம் தூளுக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் குளிர்ந்த நீர், சில நிமிடம் கலக்கல், உடனே உறிஞ்சி வடித்தல். நீர் கூடினாலும் நேரம் கூடினாலும் சாலக லிதியம் கூடுதலாகப் போகும். கழுவிய தூளைக் கையில் பார்த்தால் சுத்தமாக இருக்கும். நியமித்தால் எண்கள் அழகாக இறங்கியிருக்கும். ஆனால் லிதியம் இருந்த இடத்தில் இப்போது ஐதரசன் அயன் இருக்கிறது. 120 பாகையில் உலர்த்தினால் ஒட்டியிருந்த நீர் போகும், இந்த ஐதரசன் போகாது. பிறகு அது கலத்துக்குள் நீராக வெளியே வரும். அனோட்டில் ஐதரசன், உப்பில் இருந்து ஐதரசன் புளோரைட்டு. மேலே சூடேற்றினால் நீராக வெளியேறும், ஆனால் கூடவே மேற்பரப்பு ஒட்சிசனையும் இழந்து தடை கூடிய பாறையுப்புத் தோல் தடிக்கும்.

ஆகவே கழுவுவதென்றால் உலர் ஒட்சிசன் ஓட்டத்தில் மறுசூடு, அதற்கு முன் போரிக்கமிலம் உலர்கலவை, 300 பாகையை ஒட்டிப் போரேற்றுப் பூச்சு என்று முழுச் சங்கிலியும் வேண்டும். ஒரு சங்கிலிக் கண் விட்டாலும் கழுவாத தூளை விட மோசமாகும். சிறிய ஆய்வுகூடத்தில், நல்ல புதுத் தூள் கையில் இருக்கும்போது, இது என் பார்வையில் தேவையற்ற வேலை. பழைய பையை மீட்க வேண்டுமென்றால் கழுவாமல், காபனீரொட்சைட்டு அகற்றிய உலர் ஒட்சிசனில் 500 பாகையை ஒட்டிச் சுடுவது பாதுகாப்பான வழி. நிக்கல் கார காபனேற்றும் மேற்பரப்பு நீரும் அதில் போகும். லிதியம் காபனேற்றில் பெரும்பகுதி அப்படியே இருக்கலாம். சுட்ட பின் நியமித்துத்தான் சொல்ல வேண்டும்.

#14 · தெமட்டகொட_அனோட்டு

மின்வாயை 120 பாகை வெற்றிடத்தில் காய வைப்பதால் காபனேற்று போகாது என்பதும் இதே கணக்கில்தானா?

#15 · சாலகம்_வாசி

அதே. வெற்றிட அடுப்பு நீருக்கானது. காபனேற்றுக்கு அது ஒன்றும் செய்யாது.

#16 · பனிபடுநிலை

அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. கொழும்பில் செய்கிறவர்களுக்கு அதுதான் முதல் விடயம்.

24 பாகை, 55% என்பது உடம்புக்கு வறண்ட காற்று. பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 14 பாகை. ஒரு கனமீற்றரில் 12 கிராம் நீர். வெளியில் 28 பாகை, 80% நாளில் 22 கிராம். ஆகவே ஏசி பாதியாகக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான். பனிபடுநிலை மறை 40 பாகை உள்ள உலர் அறையில் அதே கனமீற்றரில் 0.1 கிராம். 811க்கு உங்கள் ஏசி அறையும் காலி வீதியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

காபனீரொட்சைட்டும் உண்டு. வெளிக்காற்றில் 420 பிபிஎம் அளவு. பூட்டிய ஏசி அறையில் நாலு பேர் வேலை செய்தால் 1000ஐத் தாண்டுவது சாதாரணம். ஜன்னலைத் திறந்தால் ஈரம், மூடினால் மூச்சுக்காற்று. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வதை விட, தூளைக் காற்றுக்கே காட்டாமல் விடுவது மலிவு.

உலர் அறை கட்டப் பணம் இல்லாதவர்கள் செய்யக்கூடியது: 1 கிலோ பை வந்த அன்றே கையுறைப்பெட்டிக்குள் எடுத்து, ஒரு தடவைக் கூழுக்கு வேண்டிய அளவாக, 50 கிராம் 50 கிராமாக அலுமினியப் பைகளில் வெப்ப ஒட்டு. ஒரு பை திறந்தால் அன்றே முடிய வேண்டும், மிச்சம் திரும்பப் போகக் கூடாது. பெரிய பையைத் திறந்து, கரண்டியால் அள்ளி, வாயை மடித்துக் கிளிப் போடுவதுதான் உங்கள் 0.86ஐ உண்டாக்கியது. ஒவ்வொரு திறப்பிலும் பைக்குள் இருந்த ஆகன் போய் அறைக் காற்று நிறைகிறது. மூடிய பிறகு இரவு முழுதும் தூள் அதைக் குடிக்கிறது.

நிறுப்பதற்கும் கலப்பதற்கும் ஒரு அக்ரிலிக் பெட்டி, அதற்குள் 3ஏ மூலக்கூற்றுச் சல்லடை வழியாகச் சுழலும் காற்று. சிலிக்கா ஜெல்லை விட இது காற்றைக் கூடுதலாக உலர்த்தும். சல்லடையை 250 முதல் 300 பாகையில் மீளவும் உலர்த்த வேண்டும். நிறம் மாறவில்லை என்று மாதக்கணக்கில் விடக் கூடாது, அதற்கு நிறமே மாறாது. காபனீரொட்சைட்டுக்குச் சோடாச் சுண்ணாம்பு வைப்பவர்கள் அதைச் சல்லடைக்கு முன்னால் வைக்கவும். சோடாச் சுண்ணாம்பு வேலை செய்ய ஈரம் தேவை, வேலை செய்யும்போது ஈரத்தை விடவும் செய்யும். பின்னால் வைத்தால் உலர்ந்த காற்றை நீங்களே நனைத்து அனுப்புவீர்கள்.

கூழையும் பாருங்கள். மேற்பரப்பில் காரம் கூடிய தூள் பி.வி.டி.எஃப் சங்கிலியில் இருந்து ஐதரசன் புளோரைட்டைப் பிடுங்கிச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவிடும். காலையில் கஞ்சி மாதிரி ஓடிய கூழ் மத்தியானம் களி மாதிரி அகப்பையில் நிற்கும். என்.எம்.பியை மேலும் ஊற்றி இளக்கிப் பூசிவிடலாம், ஆனால் அந்தக் கூழில் செய்த கலம் ஊதும். களியானது தெரிந்தால் அதை எறிந்துவிட்டுத் தூளை நியமிக்கவும். என்.எம்.பியும் ஈரம் குடிக்கும், போத்தலைச் சல்லடை போட்டு மூடி வையுங்கள்.

#17 · புறக்கோட்டை_திருத்துநர்

முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் ஊதின போன் பற்றரி நிறைய வருது. அதுவும் இதே காரணமா? சில பேர் ஊசியால் குத்திக் காற்றை எடுத்திட்டு ஒட்டுநாடா போடச் சொல்கினம். மற்றது, சூரியமின் சேமிப்புக்கு வருகிற இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி ஊதாது என்று சொல்லுறது உண்மையா?

#18 · மேலுதைப்பு

குத்த வேண்டாம், ஒருபோதும் வேண்டாம். உள்ளே எதிலீன், ஐதரசன், காபனோரொட்சைட்டு எல்லாம் எரியிற வாயு. கூடவே ஐதரசன் புளோரைட்டு இருக்கக் கூடும். ஊசி இரண்டு மின்வாயையும் தொட்டால் அந்த வாயுவுக்குள்ளேயே பொறி. ஊதின பற்றரியை மின்னேற்றாமல், அழுத்தாமல், காய்ந்த மணல் போட்ட உலோகப் பெட்டியில் வெளியில் வையுங்கோ.

போனில் பெரும்பாலும் கோபால்ற்று ஒட்சைட்டு, 4.35இல் இருந்து 4.45 வோல்ற்று வரை. இரவு முழுதும் சாச்சரில் கிடந்து சூட்டோடு உச்ச மின்னழுத்தத்தில் நிற்பதால் மேற்பரப்பில் மின்பகுபொருள் மெதுவாக ஒட்சியேறுது. தூளின் காபனேற்று முதல் சுற்றுகளிலேயே, தொழிற்சாலையில் வாயு எடுக்கும்போதே பெரும்பாலும் கணக்குத் தீர்ந்திருக்கும். ஆகவே மூலம் வேறு, இடம் ஒன்று.

இரும்புப் பொசுபேற்றில் ஒட்சிசன் பொசுபரசோடு இறுகக் கட்டுண்டு கிடக்குது, 811 மாதிரி வெளியே விடாது. ஆனால் துணிக்கை மிகச் சிறியது, மேற்பரப்பு பெரியது, நீரை நன்றாகப் பிடித்து வைக்கும். சரியாக உலர்த்தாத கலத்தில் அந்த நீர் அனோட்டில் ஐதரசனாக வரும். ஒரு கலத்தை 3.65க்கு மேல் தொடர்ந்து தள்ளினாலும் ஊதும். ஊதாது என்று சொல்லாதேங்கோ. ஊதினால் முதலில் கலங்களின் மின்னழுத்தச் சமநிலையைப் பாருங்கோ.

#19 · வெள்ளவத்தை_811

புதுப் பையைப் பெட்டிக்குள் 50 கிராமாகப் பிரித்து, நிறுப்பதையும் கலப்பதையும் சல்லடைப் பெட்டிக்கு மாற்றிச் செய்த தொகுதி. மூன்று கலச் சராசரி, மில்லிலீற்றரில்:

ஊறல் 0.1. 3.6 வரை 0.6. 3.6இல் இருந்து 4.2 வரை 1.2. பிறகு 60 பாகை ஒரு கிழமை: 4.2இல் வைத்தவை 1.9, 4.1இல் வைத்தவை 0.8.

கூழ் மாலை வரை ஓடியது. அனோட்டின் 0.7, 0.6 ஆனதை மாற்றமாக எடுக்கவில்லை.

#20 · சாலகம்_வாசி

4.1க்கும் 4.2க்கும் இடையில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. அந்த 1.1 பெரும்பாலும் சாலக ஒட்சிசனின் பங்கு. பை, பெட்டி, சல்லடை எதுவும் இதைத் தீர்க்காது. இப்போதுதான் போரேற்றுப் பூச்சைப் பற்றிப் பேசும் நேரம், ஏனென்றால் இப்போதுதான் பூசத் தகுந்த தோல் உங்களிடம் இருக்கிறது. கொட்டாஞ்சேனை நண்பர் உலர்கலவை அளவுகளைப் போட்டால் உதவியாக இருக்கும்.

#21 · அளவி

பூசும் முன் ஒரு தடவை, சுட்ட பின் ஒரு தடவை நியமித்து இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள். 2 நிமிடக் கலக்கலோடு.

#22 · கொட்டாஞ்சேனை_பூச்சு

50 கிராம் தூளுக்குப் போரிக்கமிலம் 0.15 கிராமில் தொடங்குங்கள். போரிக்கமிலத்தை முதலில் உரலில் மாவாக அரைத்து, தூளோடு மூடிய போத்தலில் போட்டு, உருளியில் சில மணித்தியாலம் உருட்டி, அலுமினாத் தட்டில் மெல்லிய படையாகப் பரப்பவும். உலர் ஒட்சிசன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 2 பாகை வீதம் 300 வரை, அங்கே 5 மணித்தியாலம். போரிக்கமிலம் சூட்டில் நீரை விடும், ஆகவே 100க்கும் 200க்கும் இடையில் ஒட்சிசன் ஓட்டத்தைக் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த நீராவி தூளின் மேலேயே நிற்கும். 200 பாகைக்குக் கீழே இறங்கும்வரை அடுப்பைத் திறக்க வேண்டாம், நேரே கையுறைப்பெட்டிக்குக் கொண்டுபோங்கள்.